பார்க்கின்சன் வந்தபின் சாப்பாடு: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:

அப்பாவுக்குப் பார்க்கின்சன், அதாவது நடுக்குவாதம். நடுக்கத்தைப் பற்றிக் கேட்டால் ஆளாளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் "நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்பதோடு சரி. எங்கள் வீட்டில் பாதிப் பொழுது இப்போது அப்பாவின் தட்டைச் சுற்றியே போகிறது. அதனால் அதை மட்டும் இங்கே பேசலாமே.

நோய் இன்னதென்று தெரிவதற்குப் பல வருடம் முன்பே அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறும். அவர் பாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வாசனை போனால் ருசியும் பாதி போச்சு. அப்புறம் மலச்சிக்கல், வயிற்று உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு. கரண்டி வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்தும். சாப்பிட்டு முடிக்க அவ்வளவு நேரம் ஆவதால் எல்லாம் ஆறிப்போய், "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். நடுக்கமும் தசை இறுக்கமும் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பின் சக்தியைச் செலவழிக்கின்றன. கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கைப் பக்கம் ஓட ஆரம்பித்தபோதுதான் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் உறைத்தது. பல் செட்டும் லூசாகிவிட்டது. அது வாயில் ஆடினால் எதையும் மெல்லவே முடியாது.

இப்போது மூன்று வேளையை ஐந்தாறாகப் பிரித்துக் கொடுக்கிறோம். கைப்பிடி தடித்த கனமான கரண்டி, ஓரம் உயர்ந்த தட்டு, அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. ஊட்டிவிட்டால் கோபம் வருகிறது, அதனால் சிந்தினாலும் தானே சாப்பிடட்டும் என்று விட்டுவிடுகிறோம். மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

கணவருக்குப் பார்க்கின்சன்:

எங்களுக்குச் சிக்கலே நேரத்தில்தான். காலை மாத்திரை போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து நடப்பார். மதிய மாத்திரை மட்டும் பல நாள் வேலையே செய்யாது. நாற்காலியை விட்டு எழ முடியாமல் சாயங்காலம்வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்கத்தான் போனோம். நரம்பியல் டாக்டரோ, மதியம் என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பருப்பு, முட்டை, தயிர் என்று வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு மாத்திரை. அங்கேதான் கோளாறு. அந்த மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்தே ஒரு அமினோ அமிலம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களுக்கும் அதற்கும் குடலிலிருந்து ரத்தத்துக்குள் நுழைய ஒரே வாசல். ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதும் அப்படித்தான். கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே நிற்கும். போதாததற்கு, அது உறிஞ்சப்படுவது சிறுகுடலின் மேல்பகுதியில். இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு வயிறு நிறைந்திருந்தால் அங்கே போய்ச் சேரவே தாமதம். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பு, தவறினால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து என்று மாற்றினோம். மதியத்தில் ஆளே வேறு.

அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லையே. புரதம்தான் எதிரி என்று முடிவுகட்டி, பருப்பிலிருந்து பால்வரை ஒதுக்கிவிட்டார். ஃபிரிட்ஜ் கதவில் சிவப்பு மையில் ஒரு பட்டியல் வேறு. கொஞ்ச காலத்தில் தொடை மெலிந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றித் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறினார். நோய் முற்றிவிட்டது என்று ஒரே கவலை. டயட்டீஷியன் பார்த்துவிட்டு, தசை கரைந்திருக்கிறது, சாப்பிடுங்கள் என்றார். இப்போது பகலில் புரதம் குறைவு, பெரும்பங்கு இரவில்; மொத்தத்தில் குறைவில்லை. இதிலும் ஒரு சங்கடம் உண்டு. இரவில் உடம்பு இறுகிக்கொள்கிறது, படுக்கையில் திரும்பிப் படுக்க என் கை வேண்டும்.

உணவியல் பணியில் இருப்பவள்:

அக்கா சொன்ன சிவப்பு மைப் பட்டியலை வேறு வேறு நிறத்தில் நானும் பார்த்திருக்கிறேன். புரதம் எல்லோருக்கும் மாத்திரையோடு மோதுவதில்லை. நோயின் ஆரம்பத்தில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. மாத்திரை வேலை செய்யும் நேரம் 'ஆன்', செய்யாத நேரம் 'ஆஃப்' என்று ஏறி இறங்கும் கட்டத்துக்கு வந்தவர்களில் சிலருக்குத்தான் இப்படி நேரம் மாற்றிக் கொடுக்க வேண்டிவரும். எடை குறைந்துகொண்டே வருகிறவருக்கு அதுவும் ஆபத்து, கூட இருந்து கவனிக்க ஆள் வேண்டும். புரதத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், வயதானவர்களுக்கு 1 கிராமாவது கிடைக்கப் பார்ப்போம். அதாவது 60 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 60 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 54 ஆகிவிட்டால் அது 10 சதவீதம், கடுமையான இழப்பு. 57-லேயே வந்துவிடுங்கள். இன்னொன்று, லெவோடோபா நெடுநாள் எடுக்கிறவர்களுக்கு பி12 குறைவதைப் பார்க்கிறோம். கால் மரத்துப்போவதையும் எரிச்சலையும் பார்க்கின்சன் கணக்கிலேயே எழுதிவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வைட்டமின் டி-யையும் சேர்த்தே பார்த்துவிடலாம், அடிக்கடி விழுகிறவர்களின் எலும்பு பலமாக இருக்க வேண்டுமே.

நோய் உள்ளவர்:

எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். மருந்துக் கடைக்காரர்தான் எச்சரித்தார், லெவோடோபாவை அது குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம். இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி விடுகிறேன். மலச்சிக்கல் பற்றி மகள் எழுதியிருந்தார். 1817-ல் இந்த நோயை விவரித்த டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிவைத்த நோயாளிகளுக்கும் அதே தொல்லைதான், ஆக நமக்கு முன்னோர்கள் உண்டு! நார்ச்சத்தை மட்டும் கூட்டித் தண்ணீரைக் கூட்டாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், அதைச் சொல்லத்தான் வந்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டதும் சட்டென்று எழாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகன்:

எங்கள் அம்மாவுக்குப் புரை ஏறியதே இல்லை. அதனால்தான் விழுங்குவதில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. திரும்பத் திரும்ப காய்ச்சல், நெஞ்சில் சளி. ஒருமுறை நுரையீரல் தொற்று என்று வார்டில் படுத்திருந்தபோது பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் வந்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டு "ஆ... என்று நீட்டிச் சொல்லுங்கம்மா" என்றார். குரல் கொழகொழவென்று, தொண்டையில் நீர் நிற்பதுபோல் வந்தது. அப்புறம் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் வீடியோ எடுத்தார்கள். திரையில் நானும் பார்த்தேன். கூழ் பதத்தில் கொடுத்தது ஒழுங்காக உணவுக்குழாயில் இறங்கியது. தண்ணீர் பதத்தில் கொடுத்ததில் ஒரு மெல்லிய கீற்று மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிந்தது. அம்மா இருமவே இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை, கெட்டியானதுதான் தொண்டையில் சிக்கும், நீர்தான் சுலபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு நேர்மாறு. இப்போது நீரில் கெட்டிப்படுத்தும் பொடி கலந்து கொடுக்கிறோம். அவருக்கு அது அறவே பிடிக்கவில்லை, குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார், உடம்பில் நீர் வற்றிவிடாமல் பார்ப்பது தனி வேலை. நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். இந்தத் தாடை விஷயம் எல்லோருக்கும் பொருந்தாதாம், சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார்களாம். டிவி கிடையாது, பேச்சு கிடையாது, மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில்தான் சாப்பாடு. முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடுவதில்லை. எச்சில் ஒழுகுவதுகூட எச்சில் அதிகம் சுரப்பதால் இல்லை, விழுங்குவது குறைந்துவிடுவதால்தானாம்.

தங்கைக்காக எழுதுகிறேன்:

எல்லோரும் இளைப்பதைப் பற்றியே சொல்கிறீர்கள், எங்கள் வீட்டில் தலைகீழ். பார்க்கின்சனுக்குத் தரும் பிராமிபெக்சோல் என்ற மாத்திரை தொடங்கிய பிறகு தங்கை நள்ளிரவில் எழுந்து இனிப்பை டப்பாவோடு காலி செய்தாள். நாக்கைக் கட்டத் தெரியவில்லை என்று வீட்டில் திட்டு. அந்த வகை மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத உந்துதலைக் கிளப்பும், தீனி அதில் ஒன்று. டாக்டர் அளவை மெல்ல மெல்லக் குறைத்ததும் அடங்கியது. தானாக நிறுத்தவும் கூடாது. அவளைத் திட்டியவர்கள் யாரும் இன்றுவரை அவளிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை, அது வேறு கதை.

அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குத் தண்ணீர் குடித்ததும் குரல் மாறுகிறதா என்று இன்றே பார்க்கிறேன். ஒரு சந்தேகம். பூனைக்காலி விதைப் பொடி நல்லது என்று ஒரு உறவினர் வாங்கித் தந்திருக்கிறார். மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

உணவியல் பணியில் இருப்பவள்:

டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்மா. அதில் இருப்பதும் லெவோடோபாதான், ஆனால் ஒரு கரண்டியில் எவ்வளவு என்று தெரியாது. மாத்திரையின் மேல் அதுவும் சேர்ந்தால் கை கால் தன்னிச்சையாக ஆடலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், குமட்டலாம். குமட்டலுக்கு வேறு எங்காவது காட்டப்போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாந்திக்கு வழக்கமாகத் தரும் மெட்டோகுளோபிரமைடு, பார்க்கின்சனில் மூளையில் ஏற்கெனவே குறைந்திருக்கும் டோபமின் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுத்து, அப்பாவின் நடையை இன்னும் மோசமாக்கும். 'மெட்டோகுளோபிரமைடு தர வேண்டாம்' என்று ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.