பேட்ச் ஃபைல் டிரைவ் இல்லை என்கிறது, அவசரம்

கடைக்கணக்கு:
பில்களை பேக்கப் எடுக்கும் பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு), இரண்டு வருடமாக ஓடுகிறது. இன்று காலையிலிருந்து டிரைவைக் காணவில்லை என்று பிழை. எதையும் மாற்றவில்லை. என்ன செய்வது?

மின்தடை:
எந்த விண்டோஸ்? பேக்கப் எதில் போகிறது? பென் டிரைவ் என்றால் எழுத்து மாறியிருக்கும், நேற்று ஈ, இன்று எஃப். எனக்கு அடிக்கடி நடக்கும்.

கடைக்கணக்கு:
விண்டோஸ் 10. பென் டிரைவ் இல்லை சார், அதே கணினியின் டி டிரைவ்.

நீலத்திரை:
ஆன்டிவைரஸை நிறுத்திப் பாருங்கள்.

பழையடாஸ்:
ஸ்கிரிப்டைக் காட்டாமல் கேட்பது ஜாதகம் இல்லாமல் பொருத்தம் பார்ப்பது மாதிரி. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

இரவுப்பணி:
பிழை எத்தனை தடவை வருகிறது? பில்கள் நகலாகின்றனவா?

கடைக்கணக்கு:
பில் 40, பிழையும் 40 தடவை. அட, எல்லா பில்லும் டி-யில் இருக்கிறதே! போனில் தட்டுகிறேன், கட்டளையைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்:

ஃபார் %%அ இன் (*.பில்) டூ (
  :: தினமும் கடை மூடியதும் ஓட்டவும்
  :: தம்பி, இதில் கை வைக்காதே
  காப்பி %%அ டி:\பேக்கப்
)

அந்த :: வரி இரண்டும் நேற்று ராத்திரி சேர்த்தவை. வெறும் குறிப்புதானே என்று சொல்லவில்லை.

இரவுப்பணி:
அதுதான் வினை. :: என்பது குறிப்பே இல்லை, உருப்படாத ஒரு லேபிள், அதாவது ஸ்கிரிப்டில் ஓர் இடத்துக்கு வைக்கும் பெயர். வெளியே போட்டால் சிக்கல் இல்லை. அடைப்புக்குறிக்குள் லேபிளுக்கு அடுத்த வரியைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அங்கேயும் :: நின்றால் அதை டிரைவ் பெயர் என்று நினைத்துத் தேடும். சுற்றுக்கு ஒரு பிழை, அதனால்தான் 40. மூடும் அடைப்புக்குச் சற்று முன்னால் :: போட்டிருந்தால் ஸ்கிரிப்டே நின்றிருக்கும். இரண்டிலும் ::-ஐ எடுத்துவிட்டு, குறிப்புக்கென்றே உள்ள ரெம் (REM) கட்டளையைப் போடுங்கள்.

பழையடாஸ்:
ரெம் மெதுவானது. பிளாப்பியில் ஓட்டிய காலத்தில் நாங்கள் எல்லாம் ::தான்.

நீலத்திரை:
இப்போது யாரிடம் பிளாப்பி இருக்கிறது? விண்டோஸின் புதிய ஸ்கிரிப்ட் மொழியான பவர்ஷெல்லுக்கு மாறுங்கள், # போட்டால் குறிப்பு.

பழையடாஸ்:
2006-இல் அது வந்ததிலிருந்து இதையே கேட்கிறேன். 40 பில்லுக்குப் பவர்ஷெல்லா?

மின்தடை:
ரெம்மையும் முழுதாக நம்ப வேண்டாம். ரெம் வரியில் %~ என்று எழுதப்போய் என் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. சதவீதக் குறிக்குரிய மதிப்பை முதலில் நிரப்பிவிட்டுத்தான் அது ரெம்மா என்றே பார்க்கும்.

நீலத்திரை:
பார்த்தீர்களா, பவர்ஷெல்லில் இந்தத் தொல்லை இல்லை.

கடைக்கணக்கு:
ரெம் போட்டேன், சரியாகிவிட்டது. நன்றி, கடையில் ஆள் நிற்கிறார்கள்.

பழையடாஸ்:
அந்த இரண்டு வரியை லூப்புக்கு மேலே வைத்திருந்தால் :: போதும். யாராவது கேட்டால்தானே.