மலிவு பிவி பையில் (கூடாரம் இல்லாமல் வெளியில் படுக்க, ஸ்லீப்பிங் பேக்குக்கு மேல் போடுகிற உறை) படுத்தவர்கள் வாருங்கள், என்ன நடந்தது?

நட்சத்திரம்:
ராத்திரி 3 மணி. கால்மாட்டில் சொதசொதவென்று ஈரம். மழை பிடித்துக்கொண்டது, தையல் வழியாக ஒழுகுகிறது என்று நினைத்துத் தலையை வெளியே நீட்டினால், வானத்தில் துளி மேகம் இல்லை. அத்தனை நட்சத்திரங்கள். நனைத்தது நானேதான், என் மூச்சும் வியர்வையும். தண்ணீரே இறங்காத துணி என்று நம்பி இருப்பதிலேயே மலிவானதை வாங்கினேன், அது உள்ளே இருந்ததையும் வெளியே விடவில்லை. ஸ்லீப்பிங் பேக்கில் இருந்த டவுன் (பறவையின் மெல்லிறகு) கட்டி கட்டியாக ஒட்டிப்போய், விடியும்வரை ஜாக்கெட்டோடு குந்தியிருந்தேன். வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

நத்தை:
எனக்கு ஈரம் இல்லை, ஜிப்தான். அதாவது ஜிப்பே இல்லை, தலைப்பக்கம் கயிறு இழுத்து இறுக்குகிற ரகம். நடு ராத்திரியில் காதோரம் ஏதோ மோப்பம் பிடிக்கிற சத்தம். கை இரண்டும் உள்ளே, கயிற்றின் முனை எங்கே என்று தடவித் தடவிப் பார்க்கிறேன், சிக்கவில்லை, புழு மாதிரி நெளிகிறேன், அதற்குள் துணி வழியாக நெற்றியில் ஒரு மூக்கு வந்து இடித்தது. என்ன பிராணி என்று இன்றுவரை தெரியாது. எடை கூடினாலும் சரி, இனி பக்கவாட்டு ஜிப் இல்லாமல் வாங்க மாட்டேன்.

பழையகால்:
முதலில் எழுதியவர் பையைக் குறை சொல்வது நியாயமில்லை. வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பீர்கள் (பையின் வாயைச் சொல்கிறேன்). என் கதை சின்னது: அலுமினியம் பூசிய அவசரகாலப் பையில் ஒரு ராத்திரி படுத்தேன், நான் புரண்ட சத்தம் தாங்காமல் கூட வந்தவர் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தார். அவ்வளவுதான். வாங்கப்போகிறவர்கள் கேளுங்கள். அட்டையில் 10,000 மி.மீ. என்று போட்டிருப்பது தண்ணீர் உள்ளே வராததற்கான கணக்கு. ஆவி எவ்வளவு வெளியே போகும் என்பது வேறு எண், சதுர மீட்டருக்கு 24 மணி நேரத்தில் இத்தனை கிராம் என்று இருக்கும், மலிவுப் பைகளில் பெரும்பாலும் அதைப் போடவே மாட்டார்கள். போடவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். அடித்துணி மூச்சுவிடாவிட்டாலும் பரவாயில்லை, மேல்துணி விட்டாக வேண்டும். எவ்வளவு நல்ல துணியானாலும் குளிரும் ஈரப்பதமும் சேர்ந்த ராத்திரியில் உள்ளே கொஞ்சம் ஈரம் பூக்கத்தான் செய்யும், காலையில் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் போடுங்கள். பள்ளத்தில் படுக்காதீர்கள், குளிர்ந்த காற்று அங்கேதான் வந்து தேங்கும். ஓடைக்கரையும் வேண்டாம். மரத்தடியில் பனி குறைவாக இறங்கும்.

கூடாரம்விட்டவன்:
மரத்தடியா? காய்ந்த கிளை ஒன்று தலைக்கு மேல் தொங்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணே. அப்புறம், வாயைத் திறந்து வை என்பது சரி, மழை வந்தால்? மேலே ஒரு சின்ன டார்ப் (தார்ப்பாய்) கட்டாமல் அந்த அறிவுரை பாதிதான். நான் பட்டது வேறு. அடியில் விரிக்கிற பாயையும் பைக்கு உள்ளே திணித்துப் படுத்தேன், பை ஒடுக்கம், டவுன் நசுங்கி முழங்கால் பட்ட இடமெல்லாம் ஐஸ். அகலம் பார்க்காமல் எடையை மட்டும் பார்த்ததற்குக் கிடைத்தது.

நட்சத்திரம்:
வாயைத் திறந்துதான் வைத்திருந்தேன் பழையகால். மூக்கு குளிர்ந்தது, கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டேன்... சரி, முழுசாகவே இழுத்துக்கொண்டேன்.