பதிவில்லாத பிள்ளை பராமரிப்பு வீடு: முறைப்பாட்டின் முடிவை எப்படிக் கேட்பது?

ஹட்டன் அம்மா:
ஹட்டன் டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். ஆறு மணிக்குத்தான் விடுவார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவை (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் இடம்) அதற்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள். அதனால் இரண்டரை வயது மகளை டவுனுக்குக் கிட்ட ஒரு வீட்டில் விட்டேன். பதிவு இல்லை. ஒரே அறையில் பதினொரு பிள்ளைகள், பார்க்க ஒரே ஆள்.

ஒரு நாள் மகளின் முழங்கையில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். கேத்தலைத் தொட்டுவிட்டாள் என்றார் அந்த அக்கா. மறுநாள் உள்ளே எட்டிப் பார்த்தேன். மண்ணெண்ணெய் அடுப்பு தரையில் இருக்கிறது, பிள்ளைகள் படுக்கும் பாய் அதற்கு ஒரு முழம் தள்ளி. சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைத்துச் சொன்னேன். இரண்டு உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்களாம். ஏழு வாரம் ஆகிவிட்டது. கேட்டால் "அது முடிஞ்சிருச்சு" என்கிறார்கள். என்ன முடிந்தது? வீடு முன்புபோலவே நடக்கிறது.

அதை இழுத்து மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மற்றப் பத்துத் தாய்மாருக்கும் வேறு இடம் கிடையாது. அடுப்பு வெளியே போக வேண்டும், இன்னோர் ஆள் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்றவன்:
தங்கச்சி, பிரதேச செயலகத்தில் இருந்தபோது இப்படியான வீடுகளுக்குப் போயிருக்கிறேன். உங்கள் முறைப்பாட்டில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பதிவு இருக்கிறதா என்பது ஒன்று. அது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளைக்கு எப்படிக் காயம் பட்டது என்பது மற்றது. பேசத் தெரியாத பிள்ளை, பார்த்த பெரியவர் ஒருவரும் இல்லை. அப்போது மருந்துத் துண்டு, படம், அடுப்புக்கும் பாய்க்கும் இருந்த தூரம், இவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "பதிவு இல்லை, எச்சரித்தோம்" என்று எழுதிக் கோப்பை மூடினால் இரண்டாவது கேள்வி அப்படியே கிடக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக முடிவு கேளுங்கள். பதிவுக்குத் தவணை கொடுத்திருந்தால் அந்தத் திகதியையும் கேளுங்கள். தவணை முடிந்ததும் திரும்பிப் போய்ப் பார்க்காவிட்டால் கொடுத்ததில் பயனே இல்லை.

தலவாக்கலை:
அக்கா, வாயால் கேட்க வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முறைப்பாட்டை விசாரித்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். தமிழிலேயே எழுதுங்கள், பதிலும் தமிழில் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மற்றப் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். வந்த திகதி, கண்டது, எடுத்த முடிவு, இதை மட்டும் கேளுங்கள்.

ஹட்டன் அம்மா:
நன்றி அண்ணா, நன்றி தம்பி. மருந்துத் துண்டு இருக்கிறது, படமும் போனில் இருக்கிறது. இன்று இரவே எழுதுகிறேன். மகளை பூண்டுலோயாவில் அம்மாவிடம் விட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறேன். நேற்று அந்த வழியாக வந்தபோது கதவு திறந்திருந்தது. அடுப்பு இன்னும் தரையில்தான்.