பட்டாளத்துக் கல்லில் பேர் இல்லை

திருமங்கலத்துக்காரன்:

எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு சலவைக்கல் பதித்திருக்கும். அதன் அடியில் உட்கார்ந்துதான் தாயம் ஆடுவோம், பொங்கலுக்குப் பொங்கல் சுவரோடு சேர்த்து அதற்கும் வெள்ளையடித்துவிடுவார்கள் என்பதால் எழுத்து பாதி மூடியே கிடக்கும். பத்தாவது படிக்கும்போது நாலணாக் காசால் சுரண்டிப் பார்த்தேன். இங்கிலீஷ். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கிடை ஆட்டை எண்ணின மாதிரி ஒரு கணக்கு.

அப்பத்தாவிடம் கேட்டேன். "எங்க பசரா சித்தப்பாவும் அதுல ஒரு ஆளுய்யா" என்றது. ஈராக்கில் இருக்கிற பசராவுக்குக் கப்பலேறிப் போனவராம், உடம்பும் வரவில்லை, சாம்பலும் வரவில்லை. சர்க்கார் ஒரு வெண்கலத் தகடு அனுப்பியிருக்கிறது, சிங்கம் போட்டது. அந்தத் தகட்டில் செத்தவர் பேரைப் பொறித்துத்தான் கொடுப்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அது மோர்ச்செம்புக்கு மூடியாகக் கிடந்து, அப்புறம் ஒரு பஞ்சத்தில் ஈயம் பித்தளைக்காரரிடம் பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது.

"சரி, அவர் பேர் என்ன அப்பத்தா?"

"அதான் சொன்னேனே, பசரா சித்தப்பா."

ஆண்டிபட்டி வாசகர்:

தம்பி, எங்கள் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் நடுகற்கள் கிடைத்தன, வைகைக் கரை ஊர்தான். தமிழ்ப் பிராமி எழுத்து, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழசு என்கிறார்கள். ஒரு கல்லில், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு பிடிச் சண்டையில், மாண்டவன் பேர் தீயன் அந்தவன் என்று இருக்கிறது. மாட்டுக்காகச் செத்தவனுக்குக்கூட அன்றைக்குப் பேர் வெட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

முன்னாள் ராணுவம், உசிலம்பட்டி:

பசரா பக்கமே பெரிய நினைவுச் சின்னம் இருக்கிறது தம்பி, நாற்பதாயிரம் பேருக்கு மேல். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பேர் வெட்டினார்கள், நம் சிப்பாய்க்குத் தலைக்கணக்கு மட்டும். உங்கள் சாவடிக் கல் கதைதான் அங்கேயும். பாகுபாடு நடந்தது உண்மைதான் என்று அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையமே 2021-இல் மன்னிப்புக் கேட்டது, நூறு வருடம் கழித்து.

டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்துக்கு நான் போனேன். 25,000-க்கு மேல் பேர்கள், ஒவ்வொன்றும் கிரானைட்டில். என்னோடு பயிற்சி எடுத்தவனைத் தேடி முக்கால் மணி நேரம் வெயிலில் சுற்றினேன். கிடைத்ததும் அங்கிருந்தே அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன், வேறு எதுவும் கேட்கவில்லை, "எழுத்து நல்லாத் தெரியுதாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள்.

திருமங்கலத்துக்காரன்:

அண்ணே, இதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த பையனிடம் கல்லை மட்டும் விட்டுவிடப்பா என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். "என்ன சாமிண்ணே இது?"