பண்டைய மனிதர்களுக்கு நீலம் தெரியாதா?

தூவல்:

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் நாளை மறுநாள் வகுப்பில் மூன்று நிமிடம் பேச வேண்டும். ஒரு காணொளியில் பார்த்த செய்தியையே தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறாள்: "பண்டைய மனிதர்களின் கண்ணுக்கு நீலம் தெரியாது." அதில் மூன்று ஆதாரங்கள் சொல்கிறார்கள். பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் கடலை 'மதுநிறக் கடல்' என்றே பாடினார், நீலக்கடல் என்று எங்கும் சொல்லவில்லை. பழைய மொழிகள் பலவற்றில் நீலத்துக்குத் தனிச்சொல் இல்லை. நமீபியாவில் வாழும் ஹிம்பா மக்களிடம் பதினொரு பச்சைக் கட்டங்களையும் ஒரு நீலக் கட்டத்தையும் காட்டினால், வேறுபட்டது எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் "ஏன் நம்பவில்லை?" என்று அவள் திருப்பிக் கேட்டபோது வாயடைத்து நின்றேன். எல்லாம் பொய் என்று ஒரே சொல்லில் அவளது ஆர்வத்தை அணைத்துவிடவும் மனமில்லை. இதில் எது உண்மை, எது ஒட்டவைத்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுமை:

முப்பது ஆண்டுகளாக ஆப்செட் அச்சகத்தில் நிறம் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் இந்தக் கதை வரும்போதெல்லாம் கோபம் வருகிறது.

நாங்கள் புழங்குவது நான்கு மைகள்: சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் சயானை 'நீலம்' என்பார்கள், மெஜந்தாவைச் 'சிவப்பு' என்பார்கள். அவர்களிடம் அதற்கு மேல் சொல் இல்லை. ஆனால் மாதிரித் தாளையும் அச்சான தாளையும் அருகருகே வைத்து, "எங்கே ஒத்துவரவில்லை?" என்று கேட்டால், சயான் இம்மியளவு ஏறியிருக்கும் இடத்தை முதல் வாரத்திலேயே விரல் வைத்துக் காட்டிவிடுகிறார்கள். சொல்லை நான் பிறகுதான் கற்றுக்கொடுக்கிறேன். கண் அவர்களோடு வந்தது.

ஹோமர் விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தொடங்கிவைத்தவர் கிளாட்ஸ்டன். பின்னாளில் நான்கு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தாரே, அவர்தான். 1858-இல் ஹோமரைப் பற்றி எழுதிய பெரிய நூலில் நிறச்சொற்களை எண்ணிப் பார்த்து வியந்தார். அவர் கவனித்தது பொய்யில்லை. ஆனால் காணொளிக்காரர்கள் பாதியைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அதே 'மதுநிறம்' என்ற அடைமொழியை ஹோமர் எருதுகளுக்கும் தருகிறார். எருது நீலமாக இருக்காதே! பின்னாளில் கிரேக்கர்கள் நீலத்துக்கு வழங்கிய 'க்யானெயோஸ்' என்ற சொல்லால் அவர் கடவுள் ஜீயஸின் புருவத்தையும் வீரன் ஹெக்டரின் தலைமுடியையும் வருணிக்கிறார். அதாவது அவர் சொற்கள் இருளையும் மினுக்கத்தையும் அளக்கின்றன. நாம் அவற்றை நிற அட்டையாக வாசித்துவிட்டு, அவருக்குக் கண் சரியில்லை என்கிறோம்.

கண்ணைப் பற்றி மகளிடம் இதைச் சொல்லுங்கள். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றில் ஒன்று நீலப் பக்கத்துக் குறுகிய அலைநீள ஒளிக்கானது. அது குரங்குகளிடமும் இருக்கிறது. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும், ஆனால் நீலம் தெரியும். மனிதன் மட்டும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை அது இல்லாமல் இருந்தான் என்பதற்கு இடமே இல்லை. எகிப்தியர்கள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணல், சுண்ணாம்பு, செம்புத்தாது ஆகியவற்றை ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு நீல வண்ணப்பொடி செய்தார்கள். தெரியாத நிறத்துக்காக யார் இப்படி உலை மூட்டுவார்கள்?

ஹிம்பா செய்திதான் என்னை மிகவும் வருத்துவது. 2011-இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றில் வந்த காட்சி அது. 2015-இல் மொழியியலாளர் மார்க் லிபர்மன் அதன் மூலத்தைத் தேடிப் போனார். அது படத்துக்காக அமைத்துக் காட்டப்பட்ட காட்சி என்பதும், வெளியான ஆய்வுகளில் அப்படியொரு முடிவு இல்லை என்பதும் தெரியவந்தது. ஹிம்பா மொழியில் 'புரு' என்ற ஒரே சொல் பச்சையின் பெரும்பகுதியையும் நீலத்தையும் குறிக்கிறது என்பது மட்டும் உண்மை. உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தைப் பார்வைக் குறையுள்ளவர்களாகக் காட்டும் கதையை, சரிபார்க்காமல் இத்தனை பேர் பகிர்கிறார்களே!

யாப்பு:

அச்சுமை ஐயா சொன்னதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது.

செங்கல், செம்மண், செம்பு, செந்நெல் ஆகிய நான்கையும் ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். நான்கும் நான்கு நிறம், சொல் மட்டும் ஒரே செம்மை. வெண்கலத்தில் வெண்மை எங்கே இருக்கிறது? ஆரஞ்சு நிறத்தைப் பழத்தின் பெயரால் சொல்கிறோம், அந்தப் பெயரும் இரவல். அது வருவதற்கு முன் அந்தி வானம் தமிழர் கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது?

திருமாலைப் பாருங்கள். தொண்டரடிப்பொடியாழ்வார் 'பச்சைமா மலைபோல் மேனி' என்கிறார். அதே திருமாலைக் கார்வண்ணன் என்றும் பாடினார்கள், நீலமேனியன் என்றும் பாடினார்கள். கிளாட்ஸ்டன் முறையில் எண்ணினால் நம் அடியார்களுக்குப் பச்சையும் கறுப்பும் நீலமும் பிரித்துத் தெரியாது என்றல்லவா முடிவுகட்ட வேண்டும்?

பழைய இலக்கியத்தில் 'நீலம்' இல்லையா என்றால், இருக்கிறது. நெல்லிக்கனி தந்த அதியமானை வாழ்த்தும் ஔவை, புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் சிவனை 'நீலமணி மிடற்று ஒருவன்', அதாவது நீலமணி போன்ற கழுத்தை உடையவன், என்கிறார். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தக் காலத்து நீலம் கருமையோடு நெருங்கி நிற்கும். இன்றைய வான்நீலத்தை அதில் தேடக்கூடாது.

நிறமாலை:

எல்லாம் சரி. ஆனால் மொழிக்கும் பார்வைக்கும் தொடர்பே இல்லை என்று அந்தப் பெண் எண்ணிவிடக் கூடாது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலம் 'கலுபோய்', அடர்நீலம் 'சீனிய்'. இரண்டும் அவர்களுக்குத் தனித்தனி நிறங்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் மேலே ஒரு நீலக் கட்டமும் கீழே இரண்டும் காட்டி, மேலுள்ளதோடு பொருந்துவது எது என்று கேட்டார்கள். கீழுள்ள இரண்டும் வேறுவேறு சொற்களுக்குள் வரும்போது ரஷ்யர்கள் சற்று விரைவாகப் பதில் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுபவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை. மனத்துக்குள் ஓர் எண்வரிசையைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னபோது ரஷ்யர்களின் அந்த விரைவும் மறைந்துவிட்டது. சொல் ஒரு நொடியின் சிறு பங்கு உதவுகிறது. அவ்வளவே என்றாலும், காணொளியைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு வியப்பு.

தூவல்:

மூவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நாய்க்கு நீலம் தெரியும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹிம்பா பகுதியில்தான் முகம் வாடியது. "அப்படியென்றால் அவர்களைப் பற்றித் தப்பாகச் சொல்ல இருந்தேனா?" என்று கேட்டாள்.

பேச்சை அவளே மாற்றி எழுதிவிட்டாள். ஒரு வெண்கலக் கிண்ணத்தை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, "இதன் பெயர் என்ன? இது என்ன நிறம்?" என்று கேட்டுத் தொடங்கப் போகிறாளாம். ரஷ்ய ஆய்வும் உண்டு. மூன்று நிமிடத்துக்குள் எருதும் அடங்க வேண்டும் என்று இப்போது கடிகாரத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். தலைப்பில் மட்டும் ஒரு கேள்விக்குறி சேர்த்திருக்கிறாள்.