‘எல்விஸ்’ பார்த்த பிறகு எங்கள் வீட்டுக் குழுவில்

சனி, இரவு 9:20

தம்பி: எல்லாரும் சாப்பிட்டாச்சா? ஒருவழியாக ‘எல்விஸ்’ படம் பார்த்துவிட்டேன். 2022-இல் பாஸ் லூர்மன் எடுத்தது. அத்தை, பாட்டு சொல்லிக்கொடுக்கிற நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அத்தை: நாங்கள் போன வாரமே பார்த்தாச்சுப்பா. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். உங்கள் மாமா ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

பெரியப்பா: எந்த எல்விஸ்? இடுப்பை ஆட்டிப் பாடுவாரே, அவரா?

நான்: அவரேதான் பெரியப்பா, எல்விஸ் பிரெஸ்லி. 1935-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் டுபெலோ என்ற சின்ன ஊரில், கஷ்டப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். கூடப் பிறந்த இரட்டைக் குழந்தை தக்கவில்லை, அதனால் அம்மாவுக்கு இவர்மேல் உயிர். 19 வயதில் மெம்பிஸில் சன் ஸ்டூடியோவில் பாட ஆரம்பித்தார். இரண்டே வருடத்தில் நாடே அவரைப் பற்றித்தான் பேசியது.

பெரியப்பா: 1977-இல் இறந்தார் இல்லையா? சின்ன வயசு.

நான்: 42.

மாமா: அந்த 42 வயதுக்குள் அவர் சம்பாதித்ததில் எவ்வளவு அவர் கையில் நின்றது என்று பார்த்தால் வயிறு எரியும் மச்சான்.

தம்பி: அதைச் சொல்லுங்கள் மாமா. பணக் கணக்கு படத்தில் வேகமாக ஓடிவிட்டது.

மாமா: டாம் ஹாங்க்ஸ் நடிக்கிறாரே, கர்னல் டாம் பார்க்கர், அவர்தான் மேனேஜர். படத்தில் கதை சொல்வதும் அவர்தான். கர்னல் என்பது ராணுவத்தில் வாங்கியது இல்லை, சும்மா கௌரவப் பட்டம். ஊர் ஊராகப் போய்க் கூடாரம் அடித்து வித்தை காட்டும் கூட்டத்தில் தொழில் பழகியவர். நிஜத்தில் ஹாலந்துக்காரர், பெயரும் வேறு. முறையான காகிதம் இல்லாமல் அமெரிக்கா வந்து தங்கிவிட்டார், பாஸ்போர்ட் கிடையாது. எல்விஸ் வெளிநாட்டு மேடை ஏறியது 1957-இல் கனடாவில் மட்டும், யோசித்துப் பாருங்கள். உலகமே கூப்பிட்டது, அவர் லாஸ் வேகாஸில் ஒரே ஓட்டலில் வருடக்கணக்காகப் பாடிக்கொண்டிருந்தார்.

மாமா: கமிஷன் 25 சதவீதத்தில் ஆரம்பித்து, பின்னால் பல வரவுகளில் பாதிக்குப் பாதி ஆனது. 1973-இல் நடந்தது அதைவிடக் கொடுமை. அதுவரை பாடிய பாட்டுகளுக்கு வர வேண்டிய ராயல்டியை மொத்தமாக, அவர் பாட்டுகளை வெளியிட்ட ஆர்சிஏ கம்பெனிக்கு 54 லட்சம் டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதிலும் பார்க்கருக்குப் பாதி.

பெரியப்பா: விதைநெல்லை விற்ற கதை. கேட்க ஆள் இல்லையா?

மாமா: அப்பா வெர்னான் கூடவேதான் இருந்தார். அவருக்கும் பார்க்கரை எதிர்க்கத் தைரியம் இல்லை.

அண்ணி: மாமா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் எனக்குப் படத்தில் ஒரு வருத்தம். பழி முழுவதையும் பார்க்கர் தலையில் போட்டுவிட்டு எல்விஸை அப்பாவியாக்கிவிட்டார்கள். ராணுவ வேலையில் ஜெர்மனியில் இருந்தபோது, பின்னால் மனைவியான பிரிசில்லாவைச் சந்தித்தார். அவருக்கு 24 வயது, அந்தப் பெண்ணுக்கு 14. ஒரு பெண்ணின் வாழ்க்கையே அங்கே திரும்புகிறது, படம் அங்கே நிற்கக்கூட இல்லை.

தம்பி: 14-ஆ? படத்தில் எனக்கு அப்படித் தெரியவே இல்லை அண்ணி.

அண்ணி: தெரியாதுதான். நடிகையைப் பார்த்தால் பெரிய பெண். அடுத்த வருடம் சோஃபியா கப்போலா ‘பிரிசில்லா’ எடுத்தார், அதைப் பார். எல்விஸ் பாட்டுக்கு அனுமதி கிடைக்கவில்லை, அதனால் அவர் பாட்டே இல்லாத படம். அந்தப் பெண் பெரிய வீட்டில் காத்துக்கொண்டே இருக்கிறாள். முடிக்குச் சாயம், எந்த நிறத்தில் உடை, எல்லாம் அவர் சொன்னபடிதான். மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்திருக்கும்.

அத்தை: நியாயம்தான்மா. அதைச் சொல்லாமல் விட்டது குறைதான்.

நான்: எனக்கும் அதில் மறு பேச்சு இல்லை அண்ணி. மாத்திரைக்கு அடிமையான விஷயத்திலும் எல்விஸ் பங்கு இருக்கிறது, பார்க்கர் மட்டும் காரணம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாடகர்களைப் பற்றிய படம் என்றால் ஆள் விழும்போது பாட்டும் சேர்ந்து விழுகிற மாதிரியே காட்டுவார்கள். இவர் விஷயத்தில் அது பொய். 60-களில் அவர் பெயர் மங்கியது குரல் போனதால் இல்லை. வருடத்துக்கு மூன்று படம்கூட நடிக்க வைத்தார்கள், மொத்தம் 31. அதற்கெல்லாம் கொடுத்த பாட்டு சப்பென்று இருந்தது. அவர் என்ன செய்வார்?

அத்தை: அதற்குத்தான் 1968 டிவி நிகழ்ச்சி இருக்கிறதே! பார்க்கருக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுகள் போதும். இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் கேட்கவில்லை. கறுப்புத் தோல் உடையில் சின்ன மேடை, சுற்றிலும் ஆட்கள், பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து கிட்டார் அடிக்கிறார். அந்த ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங்கை எல்விஸ் இருந்த அதே மெம்பிஸில் சுட்டார்கள். ஜூனில் ராபர்ட் கென்னடி. நிகழ்ச்சி முடிவில், அந்தத் துயரத்தை வைத்துப் புதிதாக எழுதிய ‘இஃப் ஐ கேன் ட்ரீம்’ பாடுகிறார். தொண்டை கிழியும் அளவுக்குப் பாடியும் சுருதி அசையவில்லை.

தம்பி: நடிகர் ஆஸ்டின் பட்லரே பாடினார் என்கிறார்களே, அது உண்மையா?

அத்தை: சின்ன வயது எல்விஸுக்கு அவரே பாடினார். பிற்காலத்துக்கு எல்விஸின் குரலையே வைத்திருக்கிறார்கள். அதுதான் முறை.

இரவு 10:05

பெரியப்பா: முடிவு எப்படி? ரொம்ப அழுகையா?

அத்தை: அண்ணா, அதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1977 ஜூன் 21, ராப்பிட் சிட்டி என்ற ஊரில் கச்சேரி. முதலில் பட்லருக்கு வேஷம் போட்டுக் காட்டுகிறார்கள், அப்புறம் பாட்டு நடுவிலேயே நிஜ எல்விஸ் பாடிய பழைய படச்சுருள். முகம் ஊதிப்போய் இருக்கிறது, வியர்வை கொட்டுகிறது. தானே பியானோ வாசிக்கிறார். இரண்டு கையும் கட்டையில் இருப்பதால் பக்கத்தில் ஒருவர் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ‘அன்செயின்ட் மெலடி’ என்ற பாட்டு. மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் மூச்சு வாங்குகிறது, அது காதில் விழுகிறது. இங்கே விட்டுவிடுவார் என்று பயந்தேன். விடவில்லை. நேராக ஏறிப் பிடித்தார். நடுவில் சின்னப் பையன் மாதிரி ஒரு சிரிப்பு வேறு. சரியாக எட்டு வாரத்தில் ஆள் இல்லை.

அத்தை: இந்த மூச்சு வாங்கும் இடத்தை என் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன்.

பெரியப்பா: அவ்வளவு முடியாதவரை மேடை ஏற்றியவர்களை என்ன சொல்வது.

நான்: படத்தில் ஒரு காட்சி வரும் பெரியப்பா. கச்சேரிக்கு முன்னால் மயங்கி விழுகிறார். டாக்டர் ஊசி போட்டு எழுப்புகிறார். அவர் மேடைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் பார்க்கருக்குக் கவலை. எனக்கு ஆத்திரத்தில் கை நடுங்கியது.

தம்பி: மேடையிலேயே பார்க்கரை வேலையை விட்டு நீக்குவாரே, அங்கே நான் கை தட்டினேன்.

மாமா: அது சினிமாவுக்காகச் சேர்த்தது. 1973-இல் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை வந்தது நிஜம், ஆனால் மேடைக்கு வெளியே. அப்புறம் மறுபடியும் சேர்ந்துவிட்டார்கள்.

அண்ணி: மகள் லிசா மேரியையும் நினைத்துக்கொண்டேன். 2023 ஜனவரியில் பட்லர் கோல்டன் குளோப் விருது வாங்கியதைக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு நாளில் அவரும் போய்விட்டார்.

பெரியப்பா: கடவுளே. சரி மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம். உங்கள் வீட்டு டிவி பெரியது.

மாமா: வாங்க மச்சான். சாப்பாடும் இங்கேதான்.

அண்ணி: ‘பிரிசில்லா’வும் போட வேண்டும் மாமா. இல்லையென்றால் நான் வரவில்லை.

அத்தை: போடலாம்மா. மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. காபிக்குப் பால் கூட வாங்கச் சொல்கிறேன்.