தொப்பூர் இறக்கம் தாண்டுற வரைக்கும் தூக்கம் வரல. "விழித்திருங்கள்"னா இதுதானா?

பாலக்கோட்டுத் தையல் (இரவு 1:12)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்குத்தான் எழுதுறேன். தப்பா ஏதாச்சும் கேட்டிருந்தா பொறுத்துக்கங்க.

என் வீட்டுக்காரர் ஐச்சர் லாரி ஓட்டுறார். ராயக்கோட்டை மண்டியில தக்காளி ஏத்திக்கிட்டு மதுரை மாட்டுத்தாவணிக்குப் போற லோடு. வாரத்துக்கு நாலு நடை. ராத்திரி எட்டுக்கு மேலதான் வண்டி கிளம்பும். ஃபாஸ்டேக் வாங்குனப்ப அவர் போன் ரிப்பேர்ல இருந்ததால என் நம்பரைக் குடுத்துட்டாங்க. அதனால பாளையம் டோல்கேட்டை வண்டி தாண்டுன உடனே காசு எடுத்த மெசேஜ் எனக்குத்தான் வரும். நம்ம பக்கத்துக்காரங்களுக்கு அதுக்கப்புறம் என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: அங்கிருந்து சேலம் போற திசையில தொப்பூர் கணவாய் இறக்கம். பிரேக் பிடிக்காம முன்னால போற வண்டி மேல ஏறுனது, இரட்டைப் பாலத்துக்கிட்ட கவுந்ததுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்தவங்க நாங்க.

மெசேஜ் வந்ததும் எழுந்து உக்காந்துடுவேன். அடுத்த டோல்கேட் மெசேஜ் வர்ற வரைக்கும் முழங்கால்லதான் இருப்பேன், ஆனா கண்ணு போன்ல இருக்கும். சொல்லவே வெக்கமா இருக்கு. "கர்த்தாவே"ன்னு ஆரம்பிப்பேன், ஸ்கிரீன் அணைஞ்சா தட்டி விடுவேன், மறுபடி "கர்த்தாவே".

போன நவம்பர்ல ஒரு ராத்திரி இவருக்கு முன்னால போன வண்டி கவுந்து, ரோடு மூணு மணி நேரம் அடைச்சுக்கிச்சு. இவர் போன்ல சார்ஜ் இல்ல. அடுத்த மெசேஜ் வரவே இல்ல. அந்த மூணு மணி நேரத்துல நான் என்னென்ன நெனச்சேன்னு எழுத மாட்டேன். அதுலேர்ந்துதான் இப்படி. லோடு இல்லாத நாள்ல கூட அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடுது. போன வாரம் ஒரு பிளவுஸுக்கு இடது கையை வலது பக்கம் வெச்சுத் தைச்சுட்டேன். பதினாறு வருஷத் தையல்ல அப்படி நடந்ததே இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். போன மாசம் மனசு கேக்காம அவருக்கே போன் போட்டுட்டேன். சரியா இறக்கத்துல இருந்திருக்கார். ஏதோ ஆயிடுச்சோன்னு ஒரு கைல எடுத்துட்டார். மறுநாள் வீட்டுக்கு வந்து கத்தல, சாப்பிடவும் இல்ல. "தொப்பூர்ல எனக்கு பயம் வந்தது உன் போனாலதான்"னு மட்டும் சொன்னார்.

இப்ப கேள்வி. ரெண்டு வாரம் முன்ன எங்க சபை ஐயர் 1 பேதுரு 5 எடுத்தார். 7ஆம் வசனம் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்". அடுத்த வரியே "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்", பிசாசு கெர்ச்சிக்கிற சிங்கம் மாதிரி சுத்துது. வெச்சுட்டுத் தூங்கணுமா, விழிச்சிருக்கணுமா? ஜெபக் கூட்டத்துல ஒரு அக்கா, "நீ விழிச்சு ஜெபிக்கிறதாலதான் அவர் பத்திரமா வர்றார், விட்டுடாத"ன்னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் எனக்குத் தூங்கவே பயமா இருக்கு. நான் தூங்குற அன்னைக்கு ஏதாச்சும் ஆனா?

ஜெபசேனை (காலை 5:40)

சகோதரி, இது விசுவாசக் குறைவு. பயத்தின் ஆவியைக் கடிந்துகொள்ளுங்கள். மூன்று நாள் உபவாசம், முழு இரவு ஜெபம். சத்துரு தோற்றுப்போவான். ஆமென்.

முப்பது வருஷ ஸ்டீயரிங் (காலை 6:25)

மேல எழுதுன தம்பி, அந்தப் பொண்ணு ஏற்கெனவே தூங்கல. இன்னும் முழு ராத்திரியா? போதும் சாமி.

தங்கச்சி, நான் காவேரிப்பட்டணம். முப்பது வருஷம் வண்டி ஓட்டிட்டு இப்ப முட்டி வலியோட வீட்ல இருக்கேன். தொப்பூர் இறங்குனது கணக்கே இல்ல. வேதத்தைப் பத்தி எனக்குப் பெருசா பேசத் தெரியாது, கணவாயைப் பத்திச் சொல்றேன்.

அங்க விழுறவன் ரெண்டு விதம். ஒருத்தன் டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல விடுறவன். இன்னொருத்தன் பயந்தவன். அவனைப் பத்தி யாரும் பேசமாட்டாங்க. பயந்தவன் மேட்டுலேர்ந்தே பிரேக் மேல காலை வெச்சு அழுத்திக்கிட்டே வருவான். ஜாக்கிரதையா இருக்கோம்னு அவன் நெனப்பு. பாதி தூரத்துலயே டிரம் சூடேறிடும், லைனிங் கருகுற வாசனை கேபினுக்குள்ள வரும். கடைசி வளைவுல நெஜமாவே பிரேக் தேவைப்படுறப்ப மிதிச்சா ஒண்ணும் இருக்காது.

எனக்கு வண்டி கத்துக்குடுத்த மேஸ்திரி ஒண்ணே ஒண்ணுதான் சொல்வார்: ஏறுறப்ப எந்த கியரோ, இறங்குறப்பவும் அதே கியர். இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே கியரைக் குறைச்சுடணும், நடு இறக்கத்துல இல்ல. அப்புறம் லோடை இன்ஜின் பிடிச்சுக்கும். காலுக்கு வேலை கம்மி. கண்ணுக்கு வேலை உண்டு: கண்ணாடி பாரு, முன்னால போறவன் லைட்டைப் பாரு, வளைவைப் பாரு. பதினஞ்சு டன் பின்னால தள்ளும், ஆனா அது உன் கால்ல இல்ல.

நீ உன் வீட்ல உக்காந்து பிரேக்கை அழுத்திக்கிட்டே இருக்க. அதான் பிளவுஸ் கை மாறுது.

அப்புறம் ஒண்ணு, கோவிச்சுக்காத. இறக்கத்துல இருக்கறவனுக்குப் போன் போடாத. செத்தாலும் போடாத. உனக்கு விழிப்பா இருக்கணும்னா அதைப் பகல்ல இரு. மதுரைலேர்ந்து வந்தவன் பகல்ல எத்தனை மணி நேரம் தூங்குறான்? குக்கர் விசில், மிக்சி, டிவி, பேங்க் வேலைக்கு எழுப்புறது, சொந்தக்காரன் விசேஷத்துக்கு எழுப்புறது. என் வீட்டுக்காரி மேல குறை சொல்லல, ஆனா நான் ரோட்டுல கண்ணசந்த ரெண்டு தடவையும் முந்துன பகல் நான் தூங்கல. ஒரு தடவை ஓமலூர்கிட்ட சென்டர் மீடியன்ல உரசுன சத்தத்துலதான் முழிச்சேன்.

ராகிக் காவல் உபதேசியார் (காலை 9:03)

அம்மா, நான் தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஞாயிறு உபதேசியார், மற்ற நாள் விவசாயி. ஸ்டீயரிங் அண்ணன் எழுதியதை அடுத்த பிரசங்கத்தில் எடுத்துக்கொள்ளப் போகிறேன், அனுமதி கேட்கவில்லை.

உங்கள் கேள்விக்கு வசனத்திலேயே பதில் இருக்கிறது. ஆனால் 7லிருந்து படித்தால் கிடைக்காது, 6லிருந்து படிக்க வேண்டும்: "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்". கிரேக்க மூலத்தில் 6ம் 7ம் ஒரே வாக்கியம். கவலையை அவர்மேல் போடுவதுதான் அவர் கைக்குள் அடங்கும் விதம். தமிழில் "வைத்துவிடுங்கள்" என்று இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் வருகிற "போடு" என்ற வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. லூக்கா 19:35. கழுதைக்குட்டியின் முதுகில் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்களே, அது. போட்ட துணியின் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டே கூட நடந்தால் கழுதையும் போகாது, நாமும் போகமாட்டோம்.

அதே 7ஆம் வசனத்தில் வருகிற "விசாரிக்கிறவர்" என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். இப்போது விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம்தான் வருகிறது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. தெலுங்கில் விசாரம் என்றால் வருத்தம், கவலை. பழைய தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. "அவர் உங்களை விசாரிக்கிறவர்" என்று வாசிக்கும்போது என் மாமியார், "அப்போ நம்ம விசாரத்தை அவரு படுறாரு"ன்னு புரிந்துகொண்டார். இலக்கணப்படி சரியா தெரியாது. எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி விழிப்பு. பன்னார்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் எங்கள் பக்கம் இறங்கும், ராகி கதிர் பிடிக்கிற காலம் பார்த்து. அப்போது ராத்திரி முழுக்கப் பரணில் காவல். எங்கள் வயக்காட்டில் நாலு வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொள்வோம். ஒரு வருஷம் ஒருவர், மற்றவர்களை நம்பாமல், தன் முறை முடிந்தும் பரணை விட்டு இறங்கவே இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை யானை வந்தது. தகரத்தைத் தட்டியது பக்கத்துக் காட்டுக்காரர். இவர் பரணில் குறட்டை. இவர் ராகிதான் போனது. காவலுக்கு வருகிறவன் சாயங்காலம் தூங்கிவிட்டு வர வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம் மாதிரி. "தெளிந்த புத்தி"யை "விழித்திருங்க"ளுக்கு முன்னால் பேதுரு வைத்தது சும்மா இல்லை.

அதை எழுதியவர் யார் என்று பாருங்கள். கெத்செமனேயில் "விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று ஆண்டவர் கேட்டபோது தூங்கியவர் அவர். பிறகு அப்போஸ்தலர் 12இல் ஏரோது ராஜா, சிறையில் வைத்திருந்த அவரை மறுநாள் வெளியே கொண்டுவரப் போகிறான், இரண்டு சங்கிலி, இரண்டு பக்கமும் சேவகர். அங்கேயும் தூங்குகிறார். தூதன் விலாவில் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. முதல் தூக்கத்துக்குக் கடிந்துகொள்ளப்பட்டார். இரண்டாவது தூக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை. அந்த ராத்திரி சபை அவருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தது, அவர் முறை தூங்குவது.

கடைசியாக அந்த அக்கா சொன்னது. அதைக் கொஞ்சம் கடுமையாகவே மறுக்கிறேன். உங்கள் விழிப்புதான் அவரைக் காப்பாற்றுகிறது என்றால், நீங்கள் அசந்தால் கர்த்தருக்குக் கை ஓடாதா? "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்பது 121ஆம் சங்கீதம். அவருக்குத் துணையாக இன்னொரு தூங்காத ஆளை அவர் கேட்கவில்லை. விபத்தே வராது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், அந்த வாக்கு வேதத்தில் இல்லை. வந்தால் அது நீங்கள் தூங்கியதால் அல்ல. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜெபசேனை தம்பி, உங்கள் வைராக்கியம் நல்லது. நெகேமியா 4:9 படியுங்கள். ஜெபம்பண்ணினார்கள், ஜாமங்காக்கிறவர்களையும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில்.

வார்டு நம்பர் ஆறு (பகல் 2:30)

நான் நர்ஸ், கிருஷ்ணகிரி. அக்கா, லோடு இல்லாத நாளிலும் அதே நேரத்துக்கு முழிப்பு வருதுன்னு எழுதியிருக்கீங்க. நவம்பர்லேர்ந்து இப்படின்னா ஒரு தடவை டாக்டரைப் பாருங்க. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் இருந்தாலும் படபடப்பு வரும். அரசு மருத்துவமனைல மனநலப் பிரிவு இருக்கு, பயப்பட வேண்டாம், சீட்டு வாங்கிட்டு உள்ள போறதுதான் கஷ்டம். போன்லயே பேசணும்னா 14416, டெலி மனஸ், தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க. விசுவாசத்துக்கு இது எதிரி இல்ல. எலியா சூரைச்செடி கீழ சாகணும்னு படுத்தப்ப தூதன் பிரசங்கம் பண்ணல. ரெண்டு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், நடுவுல தூங்க விட்டான்.

பாலக்கோட்டுத் தையல் (பதினெட்டு நாள் கழித்து)

எல்லாருக்கும் பதில் போடணும்னு இருந்தேன், தையல் வேலை சேர்ந்துடுச்சு.

ஸ்டீயரிங் அண்ணா, நீங்க எழுதுனதை அவருக்குப் படிச்சுக் காமிச்சேன். "யாரு இந்த ஆளு, நெஜ டிரைவர்தான்"னார். நியூட்ரல் விஷயம் வந்தப்ப மட்டும் கொஞ்சம் அமைதியாயிட்டார். நான் ஒண்ணும் கேக்கல. இப்ப எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். இறங்கி, வண்டியை ஓரங்கட்டி, டீ வாங்குன பிறகு "டீ"ன்னு ஒரே ஒரு வார்த்தை அனுப்புவார். நான் கூப்பிடக் கூடாது.

ஃபாஸ்டேக் நம்பர் மாத்தச் சொல்லி மூணு தடவை சொல்லிட்டேன், இன்னும் மாத்தல. அதனால ஒன்பதரைக்குப் போனைத் தையல் மிஷின் டிராயர்ல வெச்சு மூடிடுறேன். மூடுறப்ப "உம்ம மேல போடுறேன்"னு சத்தமா சொல்வேன். பொண்ணு சிரிக்குறா. முதல் ரெண்டு ராத்திரி மூணு தடவை எழுந்து டிராயரைத் திறந்தேன். உபதேசியார் ஐயா சொன்ன துணி முனை மாதிரியேதான். அஞ்சாவது நாள் தூங்கிட்டேன். காலைல நாலரைக்குத்தான் பார்த்தேன், 10:52க்கு "டீ"ன்னு வந்திருந்தது. முதல்ல வந்தது சந்தோஷம் இல்ல, குற்ற உணர்ச்சிதான். அதையும் டிராயர்லயே போட்டேன். நேத்து மறுபடி தூக்கம் வரல. சிஸ்டர் சொன்ன மாதிரி ரத்தம் டெஸ்ட் பண்ணேன், ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்திருக்காங்க. தூக்கத்துக்கு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க.

பகல் தூக்கம்தான் பெரிய வேலையா இருந்தது. கணக்குப் பார்த்தா அவர் மூணு மணி நேரம் கூடத் தூங்கல, அதுக்குக் காரணம் என் மிஷின் மோட்டார் சத்தம். பதினாறு வருஷமா எனக்கு அது தோணவே இல்ல பாருங்க. இப்ப மிஷினை எதிர்வீட்டுத் திண்ணைக்கு மாத்திட்டேன். நேத்து ஒரு மணியிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் அசையாமத் தூங்குனார். எதிர்வீட்டு அக்கா நாலு பிளவுஸ் கொண்டாந்து வெச்சுட்டாங்க, கூலி பத்திப் பேச்சே எடுக்கல. திண்ணை வாடகைன்னு நெனச்சுக்கிட்டேன்.